வரி போடச் சொல்லி மனுக் கொடுத்தவர்

மலாய் நாட்டுத் தேயிலை மலையில், ரிங்லெட்டில், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், மலையில் வேலையை விட்டு இறங்குகிற எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பைக்குள் சேமநிதிக் காகிதம் இருக்கும், கம்பெனிக் கடிதம் இருக்கும், எதற்கும் இருக்கட்டும் என்று மகளின் ஆறாம் வகுப்புச் சான்றிதழ்கூட இருக்கும். கேள்வி மட்டும் ஒன்றுதான். இந்தப் பணத்துக்கு வரி பிடிப்பார்களா? பெரும்பாலும் என் பதில் ‘இல்லை’ என்பதுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் முகம் தெளிந்து, என் மனைவி போடும் காப்பியைக் குடித்துவிட்டு, காப்பியில் சீனி கூடுதல் என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

போன மாதம் தோட்டத்தின் இப்போதைய தலைமைக் கிராணி வந்திருந்தாள். நான் உட்கார்ந்த அதே அறையில் கணினி வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண். வரி இல்லை என்று கேட்டு யாராவது அழுததுண்டா என்று விளையாட்டாகக் கேட்டாள். உண்டு என்றேன். அவள் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிராணியான கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பரீட்சையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தப்பிப் பிழைத்து, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி, வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வந்து இறங்கினேன். முதல் மூன்று வருடம் ஆள் கணக்குப் போடும் செக்ரோல் எழுதினேன், முத்திரை குத்தினேன், திட்டு வாங்கினேன். திட்டு என்றால் வாயால் அல்ல. எங்கள் பெரிய கிராணி கனகசபை ஐயா யாரையும் வாயால் திட்டியதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பனி கொட்டி எதிரே நிற்கும் ஆள் தெரியாத நாளிலும் கழுத்தில் டை இருக்கும். எந்தப் படிவமாக இருந்தாலும் முதலில் பென்சிலில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். அவர் மர ரூலரை முதல் வரியின் அடியில் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். பிழை எங்கே இருக்கிறதோ அங்கே ரூலர் நிற்கும். அவர் பிழையைச் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நாம் நின்றுகொண்டே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்தும்வரை அவருடைய பார்வை தேயிலையை விட்டுத் திரும்பாது. நான் வந்த புதிதில் அவர் ஒரு நாளில் பாதி நேரம் தேயிலையைத்தான் பார்த்தார்.

பென்சில் எழுத்து சரியானதும் அதன்மேல் மை. மை காய்ந்ததும் அடியிலிருக்கும் பென்சிலை அழிக்க வேண்டும். ரப்பர் போட்டால் காகிதம் உரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு கொள்கை. அதனால் பழைய ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டித் தேய்க்கச் சொல்வார். நன்றாகத்தான் அழியும். ஆனால் ஆபீஸ் முழுக்க ரொட்டித்தூள். தோட்டத்தை நடத்தும் துரையின் வருமான வரிப் படிவத்தில் ஒருமுறை எறும்பு ஏறி, அதை உதறிவிட்டுத்தான் தபாலில் போட்டோம்.

வரி விஷயத்தில் அவர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று.

“தம்பி, எவ்வளவு பணமெண்டு பார்க்காதேயும். எந்தக் கதவால வந்ததெண்டு பாரும்.”

சேமநிதி என்ற கதவால் வந்தால் வரி இல்லை, அது அவன் சேர்த்தது. உத்தியோகத்தர்களுக்காகக் கம்பெனி வைத்திருந்த ஓய்வூதிய நிதி, அரசாங்கம் அங்கீகரித்தது. ஐம்பத்தைந்து வயது நிறைந்து போகிறவருக்கு அந்தக் கதவால் மாதாமாதம் வருவதற்கும் வரி இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உழைத்து, வயதாகி விலகும்போது கம்பெனி கையில் கொடுக்கும் பணிக்கொடைக்கும் இல்லை. துரையோடு சண்டை போட்டுக்கொண்டு நாற்பத்தெட்டு வயதில் போகிறவனுக்குக் கதை வேறு. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கடை வைத்தாலோ, வீட்டை வாடகைக்கு விட்டாலோ, வேறு வேலைக்குப் போனாலோ அதுவும் வேறு கதவு, அங்கே வரி உண்டு. அதிலும் சொந்தக் கழிவு, மனைவி கழிவு, பிள்ளைக் கழிவு எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால்தான். இவ்வளவுதான் சங்கதி.

இவ்வளவுதான் சங்கதி என்று இப்போது எழுதிவிட்டேன். கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஆளைத் தலைமறைவாக்க வேண்டியிருந்தது. வீரையா என்று ஒரு கங்காணி. அவருக்கு ஐம்பத்தைந்தானபோது படிவம் எழுதியது நான். கனகசபை ஐயா அன்று பல்வலியில் விடுப்பு. ரூலர் இல்லாத தைரியத்தில், வீரையாவுக்கு மொத்தமாக வந்த சேமநிதிப் பணத்தைக் கொண்டுபோய் அந்த வருடச் சம்பளக் கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். நாங்கள் எழுதியதை நம்பி வரி அலுவலகத்தாரும் வரி போட்டு அனுப்பினார்கள். வீரையாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். அவருடைய மனைவி ஆபீசுக்கு வந்து, ஜெயிலில் கம்பளி கொடுப்பார்களா, நாமே கொண்டுபோக வேண்டுமா என்று நிதானமாக விசாரித்தார்.

கனகசபை ஐயா என் நகலை எடுத்து ரூலரை இறக்கிக்கொண்டே வந்தார். ரூலர் நின்றது. அவர் தேயிலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடைசியில், நீர்தான் போய்க் கூட்டிவர வேணும் என்று மட்டும் சொன்னார். தாப்பாவில் மைத்துனன் வீட்டு ரம்புத்தான் தோட்டத்தில் வீரையாவைக் கண்டுபிடித்தேன். பிழை என்னுடையது, ஒரு காசும் கட்ட வேண்டாம் என்றேன். அரசாங்கம் கேட்ட பணத்தைக் கிராணி வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கிராணியே கட்டியிருக்கிறான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். சாகும்வரை வருடம் ஒரு பலாப்பழம் எனக்கு வந்துகொண்டிருந்தது. நான் எவ்வளவு மறுத்தும் நிற்கவில்லை.

இனி அருணாசலம் அண்ணன். அவர் எங்கள் பேக்டரியின் டீமேக்கர். வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, இன்னும் கால் மணி நேரம் என்பார். கால் மணி நேரம்தான். துரைகூட அவர் மூக்கை மீறி ஒன்றும் சொல்ல மாட்டார். லயத்துத் தமிழர்களில் வருமான வரி கட்டிய ஒரே ஆள் அவர். பெரிய தொகை இல்லை, இந்த நாட்டுப் பணத்தில் வருடம் முப்பது நாற்பது வெள்ளி. ஆனால் அந்தக் கடிதம் பழுப்பு உறையில், அரசாங்கக் காரியம் என்று அச்சடித்து, அவர் பெயரைத் தட்டச்சில் தாங்கி வரும். அது வந்த செய்தி கேட்டால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வருவார். உறையைக் கொழுந்தை முகர்வதுபோலவே மூக்கருகில் கொண்டுபோவார். பிறகு, கொடுப்பது சம்பள நாளாக இருந்தால் நல்லது என்று என் காதோடு சொல்வார். சம்பள நாளில்தான் முழுத் தோட்டமும் ஆபீஸ் வாசலில் நிற்கும். வரிக்காரர் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் பரம திருப்தி.

அவருக்கு இன்னொரு விஷயமும் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வயதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர். மனைவி இங்கே பிறந்தவர், குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அடையாள அட்டை. நான்கு பிள்ளைகளும் நீலம். அவர் ஒருவர் மட்டும் சிவப்பு, குடியுரிமை இல்லை. குடியுரிமைக்கு ஒருமுறை எழுதிப் போட்டதற்கு, இத்தனை வருடம் இங்கேதான் இருந்தாய் என்பதற்குக் காகிதம் எங்கே, மலாய் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அறுபத்தொன்பதாம் வருடத்துக்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது அவருடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறிப் போனார். அருணாசலம் அண்ணனுக்குப் பேக்டரியில் அவரை விட்டால் ஆளில்லை என்று துரை எழுதிக் கொடுத்ததால் பெர்மிட் கிடைத்தது. அதை வருடாவருடம் புதுப்பித்துக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் அந்த பெர்மிட்டையும் பழுப்பு உறையையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை. பெருமைக்காரர் என்று மட்டுமே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. யாராவது ஓய்வு பெற்றால் ஒரு மாதத்துக்கு முன்பே வரி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் கணக்குப் பார்த்து, இவரிடம் பாக்கி ஒன்றுமில்லை, விடலாம் என்று கடிதம் அனுப்பும்வரை அவருடைய கடைசிப் பணத்தைக் கம்பெனி கையில் வைத்திருக்க வேண்டும். எல்லாருக்கும் அது பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் கடிதம். அருணாசலம் அண்ணனுக்கு அது பத்தே நாளில் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். சேமநிதிக்கு வரி இல்லை, பணிக்கொடைக்கு இல்லை, இனி மாதாமாதம் வரப்போகும் ஓய்வூதியத்துக்கும் இல்லை, அண்ணே இனிமேல் வரிக் கடிதமே வராது என்று ஒரு நல்ல சேதி சொல்கிற மிதப்பில் சொன்னேன்.

அவர் கடிதத்தை முகர்ந்து பார்க்கவில்லை. என்னிடமே நீட்டினார்.

“இத திருப்பி அனுப்பிடுங்க தம்பி. எனக்கு வேணாம்லா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். பனி என்று நினைத்தேன். அது பனியில்லை.

அடுத்த வாரம் முதல் அவர் வரி கட்டுவதற்கான முயற்சிகளில் இறங்கினார். ரிங்லெட்டில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனவர், எந்த வருமானத்துக்கு வரி உண்டு என்று என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். விவசாய லாபத்துக்கு உண்டு என்றேன். திரிங்காப்பில் ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துக் கோஸ் போட்டார். அந்த வருடம் மலை முழுக்கக் கோஸ். விலை விழுந்து, லோரி வாடகைக்குக்கூடக் கட்டாமல் பாதியைச் சரிவிலேயே விட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் நட்டம். நட்டத்துக்கு வரி இல்லையா என்று கேட்டார். இல்லை, நட்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆக அடுத்த வருடமும் வரி வராது என்றேன். சட்டம் தன்னை ஓட ஓட விரட்டுகிறது என்று நினைத்திருப்பார். லாபம் வந்ததாக எழுதுங்கள் என்றார். அதற்குக் கனகசபை ஐயா தலையை நிமிர்த்தாமலே, இல்லாத வருமானத்தைக் காட்டினாலும் பொய்க் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அவர் போன பிறகு எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. பெரிய கிராணி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு மனுவைத் தட்டச்சில் அடித்துக் கொடுத்துவிட்டேன். மனுதாரர் தம்முடைய ஓய்வூதியத்தின்மீது தக்க வரி விதிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறார், அப்படி விதிக்கப்படும் தொகையை மகிழ்ச்சியுடன் செலுத்தச் சித்தமாயிருக்கிறார் என்று நல்ல ஆங்கிலத்தில். அப்படி ஒரு மனு அந்த அலுவலகத்துக்கு அதற்கு முன்பு வந்திருக்காது. பதிலும் வரவில்லை. கார்பன் நகலைக் கனகசபை ஐயா கண்டுபிடித்துவிட்டார். ரூலரை எடுக்கவே இல்லை.

“வரியெண்டது அரசாங்கம் கேட்டால் குடுக்கிறது, தம்பி. கேளாமல் குடுத்தால் அதுக்குப் பேர் லஞ்சம்.”

பதில் வராததால் அருணாசலம் அண்ணன் நேரில் போவதென்று முடிவெடுத்தார். எனக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு துணைக்குப் போக வேண்டியதாயிற்று. தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பட்டணத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மலையில் போடும் கம்பளிச் சட்டையை இரண்டு பேரும் கழற்ற மறந்திருந்தோம்.

பணம் கட்டும் ஜன்னலில் ஓர் இளம்பெண். அருணாசலம் அண்ணன் நான்கு பத்து வெள்ளித் தாளை எடுத்து வைத்தார். எந்தப் பில்லுக்கு என்று அவள் கேட்டாள். பில் இல்லை என்றார். பில் இல்லாமல் வாங்க முடியாது என்று பணத்தைத் தள்ளினாள். இவர் திரும்பத் தள்ளினார். அந்த நாற்பது வெள்ளி அந்தப் பலகையில் நான்கு முறை போய் வந்ததை நான் எண்ணினேன். பின்னால் நின்ற வரிசை வயிறெரிந்து கட்ட வந்த வரிசை. அதில் ஒரு சீனக் கடைக்காரர், இவ்வளவு ஆசையிருந்தால் என்னுடையதைக் கட்டட்டும் என்று தன் பில்லை நீட்டினார். ஒரே கூச்சல். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்து எங்களை அறைக்குள் கூட்டிப் போனார்.

அவர் பெயர் ரசாலி. மெலிந்த மனிதர், பேச்சில் நிதானம். தேநீர் வரவழைத்தார். அருணாசலம் அண்ணன் ஒரு மிடறு குடித்துவிட்டு, இது சூடு அதிகமாக வைத்துக் கருக்கின தூள், மாற்றச் சொல்லுங்கள் என்று ஆலோசனை சொன்னார். ஏன் வரி கட்ட வேண்டும் என்கிறீர்கள் என்று ரசாலி கேட்டார். கட்டினால்தான் நல்லது என்றார் இவர். எத்தனை விதமாகக் கேட்டும் அதையே சொன்னார். ரசாலி ஒரு கோப்பில் சிவப்பு மையால் என்னவோ எழுதினார். அது என்னவென்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. நாற்பது வெள்ளி கட்டக் கெஞ்சுகிறவன் நாலாயிரத்தை ஒளிக்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விசாரணைக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பழுப்பு உறை, தட்டச்சில் பெயர், எல்லாம் பழையபடி. சொத்து விவரம் என்ன, வங்கிக் கணக்கு எங்கே, குத்தகை நிலத்துக்குப் பணம் ஏது? வேறு யாராக இருந்தாலும் வீரையாபோல ரம்புத்தான் தோட்டம் தேடிப் போயிருப்பார். அருணாசலம் அண்ணன் மறுபடி வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார். வரிக்காரரைக் கவர்மெண்டே விடமாட்டேன் என்கிறது என்று சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஒரே சங்கடம், அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் அப்போது மலாய்க்கு மாறிவிட்டிருந்தன. அருணாசலம் அண்ணனுக்குத் தெரிந்தது பாசார் சந்தையில் மீன் வாங்கும் மலாய். அகராதி ஒன்றை வாங்கினார். ஒவ்வொரு கடிதத்தையும் சொல் சொல்லாகப் பிரித்து, மனப்பாடம் செய்து, அதே நடையில் பதில் எழுதி என்னிடம் திருத்தக் கொண்டுவருவார். அவருக்கு அவசரமே இல்லை. ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது அடுத்த கேள்விக்கு இடம் வைத்தே எழுதுவார். ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. எத்தனை கடிதம் என்று நினைவில்லை. நான் ஆபீசில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன்.

கடைசியில் பொறுமையிழந்த ரசாலி நேரிலேயே மலையேறி வந்தார். வளைவுகளில் அவருக்கும் வாந்தி. வெளிறிப்போய் ரிங்லெட் வீட்டில் வந்து உட்கார்ந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு அறை, ஒரு தையல் மெஷின், கொல்லையில் ஏழு கோழி. கட்டிலுக்கு அடியில் பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. அவர் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. திறக்கச் சொன்னார்.

உள்ளே பொட்டலம் பொட்டலமாக இருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க விரிப்போமே, அந்த ஈயத்தாளில் ஒவ்வொன்றையும் சுற்றி வைத்திருந்தார். ரசாலி ஒன்றைப் பிரித்தார். ஒரு வருடத்து வரி ரசீது, அதோடு வந்த கடிதம், உறைகூட. அடுத்ததைப் பிரித்தார், அதற்கடுத்த வருடம். பதினேழு வருடம், ஒன்றுகூட விடுபடவில்லை. எல்லாவற்றிலும் தேயிலை வாசம். மலையில் துணியே பூசணம் பிடிக்கும். அந்தக் காகிதங்களில் ஒரு புள்ளி இல்லை.

ஏன் என்று ரசாலி கேட்டார். அருணாசலம் அண்ணன் பிரித்த ஒரு பொட்டலத்தை மறுபடி ஈயத்தாளில் சுற்றினார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்.

“வீட்ல எல்லாரும் நீலம், நான் மட்டுந்தான் செவப்பு. வேல இருந்த வரைக்கும் பெர்மிட்டு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல. கவர்மெண்டு என் பேரு போட்டு எழுதுற கடுதாசி இது ஒண்ணுதான். இதுவும் நின்னுபோச்சுன்னா நான் இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்? எங்க அண்ணன அனுப்புன மாதிரி என்னையும் அனுப்பிட்டா, அங்க போயி யாருகிட்ட நிக்கிறது தம்பி?”

இதை நான் மலாயில் சொல்ல வேண்டும். என் வாயாலேயே சொன்னேன். ஒன்றரை வருடம் சிரித்த வாய் அது. பெர்மிட்டைப் புதுப்பித்த கையும் என்னுடையதுதான். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ரசாலி பொட்டலங்களை வருட வாரியாக அடுக்கினார். பிறகு சொன்னார். வரி நின்றதால் யாரையும் யாரும் அனுப்பமாட்டார்கள். வரி கட்டியதால் யாரும் குடிமகனாவதும் இல்லை. ஆனால் ஒரு மனிதன் பதினேழு வருடம் ஒரே விலாசத்தில் விடாமல் இருந்தான் என்று காட்ட இதைவிட நல்ல காகிதம் நான் பார்த்ததில்லை. இதை என்னிடம் காட்டி என்ன பிரயோசனம், குடியுரிமை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டச் சொல். கிளம்பும்போது விசாரணை முடிந்தது, இனிக் கடிதம் வராது என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, தேநீர் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

விண்ணப்பத்தைக் கனகசபை ஐயாவே எழுதினார். முதலில் பென்சில், பிறகு மை, பிறகு ரொட்டி. தன் எழுத்தின்மேல் தானே ரூலரை இறக்கினார். இரண்டு முறை. ரூலர் எங்கும் நிற்கவில்லை. ஆனாலும் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தது நான் மட்டுமில்லை, அவரும் ஒருநாள் சிரித்திருக்கிறார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்றும் துணைக்கு நான். ஜன்னல் திறந்திருந்ததால் வெளி பெஞ்சில் இருந்தபடி எல்லாம் கேட்டது. பெயரைக் கேட்டார்கள். எங்கே குடியிருக்கிறாய் என்று மலாயில் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். அருணாசலம் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தங்கள் வினாவைச் சுட்டி, மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், நான் ரிங்லெட்டில் வசித்து வருகிறேன் என்றார். பிள்ளைகள் எத்தனை என்றதற்கு, மேற்கண்ட பொருள் தொடர்பாக, நால்வர் என்றார். தங்கள் மேலான நடவடிக்கைக்கு நன்றி என்று ஒவ்வொரு பதிலையும் முடித்தார். இவ்வளவு உயர்ந்த மலாயை யாரிடம் படித்தாய் என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது.

“வருமான வரி இலாகாவுல, துவான்.”

இரண்டு வருடம் கழித்து நீல அட்டை வந்தது. அட்டை வந்த அன்று அவர் ஆபீசுக்கு வரவில்லை, மனைவியைக் கூட்டிக்கொண்டு பிரிஞ்சாங்குக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குள் கனகசபை ஐயா ஓய்வு பெற்று, நான் பெரிய கிராணியாகியிருந்தேன். பேக்டரியில் புது மெஷின் இறக்கினார்கள், கொழுந்தின் பதம் யாருக்கும் பிடிபடவில்லை. வாரம் இரண்டு நாள் வந்து பார்க்கும்படி அருணாசலம் அண்ணனைத் துரை கேட்டுக்கொண்டார், சம்பளத்தோடு. திரிங்காப் சரிவில் கோஸை விட்டுவிட்டுச் செவ்வந்தி போட்டிருந்தார், அதுவும் அந்த வருடம் நல்ல விலை. ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, ஆனால் இந்த இரண்டும் வேறு கதவு. பழைய நட்டத்தைக் கழித்து, எல்லாக் கழிவும் போட்டுப் பார்த்தும் கொஞ்சம் மிஞ்சியது. அடுத்த வருடம் அவர் பெயருக்கு ஒரு வரிக் கடிதம் வந்தது. பதினோரு வெள்ளி.

சந்தோஷப்படுவார் என்று நினைத்து, சம்பள நாள்வரை காத்திருந்து எல்லோர் முன்னாலும் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று பிரித்துப் படித்தார். நேரே என் மேசைக்கு வந்து கடிதத்தைப் போட்டார். பூ ஏற்றிய லோரி வாடகையைக் கழிக்கவே இல்லை, என்ன கணக்கு இது, ஆட்சேப மனு ஒன்று எழுதுங்கள் என்றார். முகம் சிவந்திருந்தது. பதினோரு வெள்ளிதானே அண்ணே, ஒரு காலத்தில் நாற்பது வெள்ளியை வாங்கச் சொல்லி வெயிலில் போய் நின்றவர்தானே நீங்கள், கட்டிவிட்டுப் போகலாமே என்றேன். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அது அப்ப, தம்பி. கேக்குறதயெல்லாம் அப்படியே குடுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன வெளியூர்க்காரனா?”